லயத்துக்குள் மாறுவேடம்: மலையகத்தைக் களமாகக் கொண்டு மர்மநாவல் எழுதுவோர்க்கு ஓர் அத்தியாயம்

பாதாள உலகக் கூட்டமொன்றினுள், பிறந்த பெயரையும் பெற்றோரையும் மறைத்துக்கொண்டு புகுந்து, பல மாதங்கள் அதன் உறுப்பினனாகவே வாழ்ந்து, இறுதியில் அதனைச் சட்டத்தின் கையில் ஒப்படைக்கும் பொலிஸ் உத்தியோகத்தன் ஒருவனைக் கதாநாயகனாக வைத்து நாவல் எழுத விரும்புகிற இளம் எழுத்தாளர், அக்கதையைக் கொழும்பின் நெரிசல் மிக்க தெருக்களிலோ சென்னையின் துறைமுகப் பகுதியிலோ நிகழ்த்துவாராயின், தம் நாயகன் கூட்டத்தலைவனுடைய சந்தேகத்துக்கு மாத்திரமே அஞ்சினால் போதுமென்று எண்ணி எழுதிவிடலாம். அதே கதையை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடைப்பட்ட தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ்த்த முற்படுவாராயின், தலைவனுடைய முகத்தை நாயகன் காண்பதற்கு நெடுநாள் முன்னரே, பீலிக்கரையில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு நிற்கும் மூதாட்டி ஒருத்தியின் பார்வைக்கு அவன் தப்பியாக வேண்டும். இதனை உணராமல் எழுதப்பட்ட மர்மக்கதை, அதில் எத்தனை துப்பாக்கிகள் வெடித்தாலும், மலையக வாசகனை முதல் இருபது பக்கங்களுக்குமேல் நம்பவைக்காது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆகவே துப்பாக்கியைப் பற்றிக் கற்பதற்கு முன் லயத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரே தகரக் கூரையின்கீழ் வரிசையாக அமைந்த காம்பராக்கள். அவற்றின் முன்னே எல்லோரும் வந்துபோகும் இஸ்தோப்பு. நடுச்சுவருக்கு அப்பால் ஒருவர் இருமினால் இப்பால் உறங்குபவர் விழித்துக்கொள்ளும் அண்மை. இத்தகைய இடத்தில் உங்கள் நாயகன் நள்ளிரவில் தன் மேலதிகாரியுடன் தொலைபேசியில் பேசுவதாக எழுதினால், அடுத்த நாள் காலை ஆறு மணிக்குத் தொழிலாளர் கூடும் பிரட்டுக்குள் அந்தச் செய்தி மேட்டு லயத்திலிருந்து பணிய லயம்வரை சென்று சேர்ந்திருக்கும் என்பதையும் நீங்கள் எழுதவேண்டியவராவீர்கள். பேசுவதற்கு அவன் ரோதை முனைக்கோ கோவில் மேட்டுக்கோ ஏறிப்போகட்டும். பள்ளத்தாக்கிலுள்ள பல லயங்களில் அலைவரிசை கிடைப்பதில்லையாதலால், மேட்டில் நின்று பேசுகிற இளைஞனை எவரும் ஐயுறமாட்டார்கள்; அது அங்கே நித்திய வழக்கம்.

லயத்துக்குள் புதியவன் ஒருவன் நுழைந்த அன்றே அவனை நோக்கி வரும் வினாக்கள் மூன்று. “தம்பி எந்தத் தோட்டம்?” என்பது முதலாவது. தோட்டத்தின் பெயரைச் சொன்னவுடன், “மேக்கணக்கா, பணியக்கணக்கா?” என்று மேற்பிரிவா கீழ்ப்பிரிவா எனக் கேட்பது அடுத்தது. அதற்கும் விடை கிடைத்துவிட்டால், “அப்பா பேரு என்னங்க தம்பி?” என்று மிகுந்த மரியாதையுடன் மூன்றாவது வினா வந்து விழும். கேட்பவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, முகத்தில் எவ்விதச் சந்தேகமும் இன்றி, வந்தவன் பசியோடிருப்பானே என்ற அன்புடனேயே கேட்கிறார். ஆனால் அந்தத் தோட்டத்தின் அந்தக் கணக்கிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணொருத்தி மூன்றாவது காம்பராவில் இருப்பாள். அவளுடைய அண்ணன் அங்கே கவ்வாத்து வெட்டுபவனாக இருப்பான். மாலைக்குள் விசாரணை முடிந்துவிடும். எந்தக் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்துக்கும் இல்லாத விரைவு இது. சுமார் இருநூறு ஆண்டுக்கால இடப்பெயர்வினூடே, எழுதப்படாத உறவுமுறைப் பதிவேட்டை நெஞ்சில் சுமந்துவந்த சமூகத்தின் சாமர்த்தியம் அது. உங்கள் முதல் அத்தியாயத்தின் உச்சக்கட்டம் இந்த மூன்றாவது வினாவாகவே இருக்கலாம். அதைவிடக் கூர்மையான காட்சியொன்றை நான் அறியேன்.

இங்கிருந்து கதையின் இடவமைப்புப் பற்றிய முக்கியமான விதியொன்று பிறக்கிறது. மலையகத்தில் குற்றவாளி ஒளிந்துகொள்ள விரும்பினால் லயத்துக்குப் போகமாட்டான், பட்டணத்துக்குப் போவான். நுவரெலியா நகரத்தில் அந்நியன் என்பவன் வருமானம். தோட்டத்தில் அந்நியன் என்பவன் செய்தி. ஏப்ரல் மாத வசந்தகாலத்தில் கொழும்பு வாகனங்கள் கிரகரி வாவியைச் சுற்றி நிறையும்போது, வாடகை வீடொன்றில் நான்கு பேர் வந்து தங்கினால் அவர்கள் யாரென்று எவரும் கேட்பதில்லை. முன்பணம் கொடுத்தார்களா என்பதே கேள்வி. இது வெறும் ஊகமன்று. 2025 ஓகஸ்ட் மாத இறுதியில், பாதாள உலகக் கூட்டத்தலைவரெனப் பொலிஸார் கூறும், கெஹெல்பத்தர பத்மே என்று அறியப்படுபவரும் அவருடன் சேர்ந்த சிலரும் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் அந்நாட்டுப் பொலிஸாரும் இலங்கைப் பொலிஸாரும் கூட்டாக மேற்கொண்ட நடவடிக்கையில் கைதுசெய்யப்பட்டு, கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர். அதன்பின் நடந்த விசாரணைகளின்போது, ‘ஐஸ்’ என்னும் போதைப்பொருளைத் தயாரிப்பதற்கென நுவரெலியாவில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த வீடொன்றைக் கண்டறிந்ததாகப் பொலிஸார் அறிவித்த செய்தி செப்டெம்பரில் நாடெங்கும் பரவியது. உலகப் படத்தில் ஜகார்த்தாவையும் நுவரெலியாவையும் இணைக்கும் கோடொன்று உண்டென்று அதற்கு முன் ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால், அதனை மிகையென்று தள்ளியிருப்போம். அதே முறையில், இலங்கைப் பாதாள உலகத்தைச் சேர்ந்த, அங்கொட லொக்கா என்று அறியப்பட்டவர் பிரதீப் சிங் என்ற பொய்ப் பெயரில் கோயம்புத்தூரில் வாழ்ந்து 2020 ஜூலையில் அங்கேயே இறந்ததும், அவ்விவகாரத்தைத் தமிழ்நாட்டின் சி.பி.சி.ஐ.டி. பொலிஸார் விசாரித்ததும் வாசகர் நினைவிலிருக்கும். பெரிய நகரமும் உல்லாச நகரமும் முகமற்றவனுக்கு இடங்கொடுக்கும், லயம் கொடாது. உங்கள் வில்லனை நகரத்தில் குடிவையுங்கள். அவனுடைய கைகளாக இயங்குபவர்களைத் தோட்டத்தில் வையுங்கள். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பாதையில் உங்கள் நாயகனை நடக்கவிடுங்கள்.

அடுத்து, எத்தகைய குற்றத்தைக் கதைப்பொருளாகக் கொள்வது என்ற கேள்வி. பம்பாய்த் திரைப்படங்களில் வரும் ‘தாதா’வைத் தலவாக்கலையில் கொண்டுவந்து இறக்குவதைவிட, இம்மண்ணிலேயே ஊறிய குற்றத்தை எடுத்தாள்வது மேல். கசிப்பு காய்ச்சுதல் பழையது. ஓடையருகே, புதருக்குள் புதைத்த பீப்பாயில் கோடா புளித்துக்கொண்டிருக்கும் மணத்தை எழுதத் தெரிந்தவர் எழுதலாம். ஆயினும் அதில் பெரும்பணம் புரளுவதில்லை. கூட்டமைப்பான குற்றமென்று கூறத்தக்க விரிவும் அதற்கு இல்லை. சிவனொளிபாதமலைப் பருவகாலத்தில், டிசம்பர் மாதப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரையிலும் ஹட்டன் வழியாக மஸ்கெலியாவுக்கும் நல்லதண்ணிக்கும் செல்லும் யாத்திரிகர் வாகனங்களைப் பொலிஸார் சோதித்து, போதைப்பொருள் வைத்திருந்த இளைஞர்களை ஆண்டுதோறும் கைதுசெய்கிறார்கள். பக்தியின் பாதையில் இவ்வணிகம் எவ்வாறு நுழைகிறது என்பது தனி நாவலுக்குரிய பொருள்.

என் தெரிவு இவ்விரண்டுமன்று. பொகவந்தலாவை, நோர்வூட் பக்கங்களில், கெசல்கமு ஓயாவின் கரைகளிலும் அதையொட்டிய தோட்ட நிலங்களிலும் அனுமதிப்பத்திரமின்றி இரத்தினக்கல் தோண்டும் தொழிலே மலையக மர்மநாவலுக்கு மிகவும் பொருத்தமான பின்னணி என்பேன். அதில் எல்லாம் இருக்கின்றன. பகலில் கொழுந்து பறிக்கும் மலை, இரவில் சுரங்கமாகிறது. பணம் போடுகிறவன் நகரத்தில் இருக்கிறான். தோண்டுகிறவர்கள் அவனைக் கண்டதில்லை. குழியில் ஊறும் நீரை இறைக்கும் இயந்திரத்தின் ஓசை இரவில் நெடுந்தூரம் கேட்குமாதலால், அதனைக் கேட்டும் கேளாதிருக்கப் பலருக்குப் பங்கு சேரவேண்டும். விடியுமுன் ஓயாவின் நீர் கலங்கிச் சிவந்து காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகிறது. குற்றத்தின் அடையாளத்தை ஆறே சுமந்து செல்லும் இக்காட்சிக்கு இணையானதொரு தடயத்தை எந்தத் துப்பறியும் நிபுணனாலும் கற்பனைசெய்ய இயலாது. தோண்டுகிற இளைஞனுக்கோ காரணம் உண்டு. 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயை எட்டுவதற்கே பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. 2024இல் அது 1,350 ஆயிற்று. ஒரேயோர் இரவில் ஒரு கல் கண்ணில் பட்டால் லயத்தை விட்டே போய்விடலாம் என்ற ஆசையைப் பேராசையென்று இகழும் எழுத்தாளர் இந்நாவலை எழுதத் தகுதியற்றவர்.

இத்தொழிலுக்குள் பொலிஸ் உத்தியோகத்தன் புகும் வழியும் இயற்கையாகவே அமைந்திருக்கிறது. கஜமுத்து, வலம்புரிச் சங்கு, சிறுத்தைத் தோல் ஆகியவற்றை விற்க முயல்வோரை, கொள்வனவாளராக நடித்துச் சென்று பிடிப்பது இலங்கையில் பொலிஸாரும் விசேட அதிரடிப்படையினரும் நெடுநாளாகக் கையாண்டுவரும் முறை. இரத்தினபுரியிலிருந்தோ பேருவளையிலிருந்தோ வந்த கல் வியாபாரியாக உங்கள் நாயகன் வரலாம். ஆனால் கொள்வனவாளன் என்பவன் ஒரு நாள் வந்து மறுநாள் போகிறவன். ஒரு சிறுகதைக்கு அவன் போதும்; நாவலுக்குப் போதாது. நாவலுக்கு வேண்டியவன் மாதக்கணக்கில் அங்கேயே உலவுகிறவன்.

அவனுக்கு என்ன வேடம் தருவது? பெரும்பாலோர் முதலில் எண்ணுவது தொழிலாளி வேடம். அதுதான் யாவற்றிலும் அபாயமானது. கவ்வாத்துக் கத்தியை ஒருநாளும் பிடித்திராத கையை முதல் நாளே கங்காணி கண்டுகொள்வார். செடியின் எந்தக் கணுவுக்கு மேலே, எந்தச் சாய்வில் வெட்டு விழவேண்டும் என்பது சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகியவனுக்குத்தான் கையில் வரும். உள்ளங்கையில் காய்ப்பு இல்லாதவன், கால்விரலிடுக்கில் ஏறிய அட்டையைப் பதறிப் பிய்த்தெறிகிறவன், முள்ளுப் போடும்போது முள்ளின் எடைக்குத் தன் முதுகைக் கொடுக்கிறவன், எவ்வளவு அழகாகப் பேசினாலும் தோட்டத்தான் ஆகமாட்டான். மேலும் செக்ரோல் என்னும் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் உடன்பாடு வேண்டும். கந்தோரில் ஒருவருக்குத் தெரிந்தது கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்தது எவருக்குத் தெரியாது? உறவினன் வேடத்தின் கதியை மூன்று வினாக்களில் ஏலவே கண்டோம்.

மரக்கறி லொறியின் உதவியாளன் நல்ல வேடம். கந்தப்பளை, இராகலைப் பக்கங்களிலிருந்து கோவாவும் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இரவில் இறங்கும் லொறிகள், எந்தச் சரக்கையும் மறைத்துக் கொண்டுபோகத் தக்கவை. கூட்டத்துக்கு அவன் தேவைப்படுவான். அவனாகத் தேடிப்போக வேண்டியதில்லை. மாறுவேடத்தின் இரகசியமே அதுதான்: நாயகன் வில்லனைத் தேடிப்போனால் வாசகனுக்குச் சந்தேகம் பிறக்கும், வில்லன் நாயகனைத் தேடிவந்தால் நம்பிக்கை பிறக்கும். எனினும் லயத்தின் உட்புறத்தை அறிய விரும்பினால், தவணைக்குத் துணி கொடுக்கும் வியாபாரியை விடச் சிறந்த வேடம் எனக்குத் தென்படவில்லை. சம்பளத்துக்கு மறுநாள் அவன் ஒவ்வோர் இஸ்தோப்பிலும் உட்கார உரிமை பெற்றவன். அவன் கையில் கொப்பி இருப்பது இயல்பு. அதில் பெயரும் தொகையும் எழுதுவது இயல்பு. யார் வீட்டில் திடீரென்று கடன் முழுதும் அடைபட்டது, யார் புதுத் தொலைபேசி வாங்கினார், எவன் மூன்று கிழமையாக வீட்டில் இல்லை என்பவற்றை அவன் கேட்காமலே அறிகிறான். நுண்கடன் வசூலிப்பவனுக்கும் இதே வசதி உண்டு. ஆனால் அவன் கடனால் கண்ணீர் வடித்த பெண்கள் நிறைந்த மண்ணில், அவனை நாயகனாக ஏற்க வாசகர்க்கு மனம் வராது.

எத்தனை காலம் அவன் இவ்வேடத்தில் இருக்கவேண்டும் என்பதில் தாராளமாக இருங்கள். 2004 ஒக்டோபர் 18ஆந் தேதி இரவு, தருமபுரி மாவட்டத்தின் பாப்பாரப்பட்டிக்கு அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டார். விஜயகுமார் தலைமையிலான சிறப்பு அதிரடிப்படையின் அந்நடவடிக்கையில் ஊரார் கண்டது, பொலிஸ்காரர் ஒருவர் ஓட்டிவந்த அம்புலன்ஸ் வண்டியையும் அதைச் சூழ்ந்த சில நிமிடத் துப்பாக்கிச் சூட்டையுமே. அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால், காட்டோரக் கிராமங்களில் கொத்தனாராகவும் தெருவியாபாரியாகவும் பொலிஸார் கலந்து வாழ்ந்த மாதங்கள் இருந்தன. அமெரிக்காவில் எஃப்.பி.ஐ. நிறுவனத்தின் ஜோசப் பிஸ்டோன், டானி பிராஸ்கோ என்ற பெயரில் நகைத்திருடனாக நடித்து, 1976 முதல் 1981 வரை நியூயோர்க் மாஃபியாக் குடும்பமொன்றினுள் வாழ்ந்தார். அக்கதையைத் திரைப்படத்தில் கண்டவர்கள் அவருடைய தீரத்தை நினைவில் வைத்திருப்பார்கள். அவரை நம்பிக் கூட்டத்துக்குள் இடங்கொடுத்த நெப்போலிட்டானோ என்பவன் அக்குற்றத்துக்காகத் தன் கூட்டத்தாராலேயே கொல்லப்பட்டதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

மலையக நாவலுக்கு அந்த இரண்டாவது செய்தியே பிரதானமானது. வேடமிட்டு வந்தவன் வேலை முடிந்ததும் கொழும்புக்கோ கண்டிக்கோ திரும்பிவிடுவான். அவனுக்குப் பதவியுயர்வு கிடைக்கும். அவனுக்குச் சோறிட்ட குடும்பமோ அதே லயத்தில், அதே காம்பராவில், பிடிபட்டவனுடைய தம்பி எதிர்க் காம்பராவில் வாழ, நாளைக் காலையும் அதே பிரட்டுக்குப் போயாக வேண்டும். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாப்பதற்கென 2015இல் ஒரு சட்டமும், அதற்குப் பதிலாக 2023இல் ஒரு புதிய சட்டமும் இலங்கையில் இயற்றப்பட்டுள்ளன. வீடு தோட்டத்துக்குரியது, வேலையும் தோட்டத்துக்குரியது என்ற நிலையிலுள்ள ஒரு சாட்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்தக் கேள்வியைக் கதையின் கடைசி மூன்றிலொரு பங்கில் நேர்மையாக எழுப்புகிறவர், வெறும் மர்மக்கதையைக் கடந்து இலக்கியத்தின் எல்லைக்குள் காலெடுத்து வைக்கிறார். பிரித்தானியாவில், 1968 முதல் இரகசியப் பொலிஸார் அரசியல் இயக்கங்களுக்குள் வேடமிட்டு வாழ்ந்து, இறந்துபோன குழந்தைகளின் பெயர்களைத் தமக்குச் சூட்டிக்கொண்டதும், பெண்களை ஏமாற்றி அவர்களுடன் குடும்பம் நடத்தியதும் வெளிப்பட்டு, 2015இல் அரசாங்கமே அதுபற்றிப் பகிரங்க விசாரணை நடத்தத் தொடங்கியது. ஆகவே நாயகன் கொழுந்தெடுக்கும் பெண்ணைக் காதலிப்பதாக எழுதப்போகிறவர், அக்காதலில் யார் யாரை ஏமாற்றுகிறார் என்பதைச் சிந்தித்தபின் எழுதவேண்டும்.

சட்டத்தைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் அவசியம். மர்மக்கதைகள் மிகுதியாகத் தடுக்கி விழுவது இங்கேதான். வில்லன் பொலிஸ் நிலையத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள, உடனே நீதிபதி தண்டிக்கிறார் என்று முடிக்கும் நாவல் இலங்கையில் செல்லாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை எதிரிக்கெதிராக நிரூபிக்கமுடியாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின்கீழ் மாத்திரம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத தரத்தினரிடம் கொடுத்த ஒப்புதல் ஏற்கப்படலாம். வேடமிட்டிருந்தாலும் உங்கள் நாயகன் பொலிஸ் உத்தியோகத்தனே. அவனிடம் வில்லன் நண்பனென்று நம்பி உளறியதற்குச் சட்டத்தில் என்ன பெறுமதி என்ற கேள்வி, விசாரணைக் காட்சியில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழுப்பத்தக்க அற்புதமான கேள்வி. கைதானவனை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும் என்பது சாதாரண விதி. அந்த 24 மணித்தியாலம் உங்களுக்குக் கிடைத்த இலவசமான கடிகாரம். போதைப்பொருளைக் கதையில் கொண்டுவந்தால், அது எதுவென்று சொல்லும் அதிகாரம் அரச இரசாயனப் பகுப்பாய்வாளருடைய அறிக்கைக்கே உண்டு. நாவில் வைத்துப் பார்த்து நாயகன் தீர்ப்புச் சொல்வது சினிமா வழக்கம். ஹெரோயின் இரண்டு கிராமுக்கும், 2022ஆம் ஆண்டின் திருத்தத்தின்பின் ஐஸ் ஐந்து கிராமுக்கும் மேற்பட்டால் மரணதண்டனையோ ஆயுட்சிறையோ விதிக்கலாம். ஆனால் 1976க்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லையாதலால், சமகாலக் கதையில் தூக்குமேடைக் காட்சி எழுதாதீர்கள்.

இன்னொரு சட்ட விஷயம், எழுத்தாளர் பலர் கவனியாது விடுவது. தமிழ், 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் தமிழ் பேசும் உத்தியோகத்தர் போதாமையால், தோட்டத் தொழிலாளி தமிழில் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாத தாளில் அவர் கையொப்பமிடும் நிலை இன்றும் மறைந்துவிடவில்லை. உங்கள் நாயகனுக்கு இரண்டு மொழியும் தெரியும். வேடத்துடனே பொலிஸ் நிலையத்துக்கு வந்து பக்கத்து மேசையில் அமர்ந்து, வாயால் சொன்னதற்கும் தாளில் விழுந்ததற்கும் உள்ள வேற்றுமையை அவன் கண்ணெதிரே காண்கிறான். வாயைத் திறந்தால் வேடம் கலையும். இதைவிடக் கடுமையான சோதனையை எந்தக் கூட்டத்தலைவனும் அவனுக்கு வைக்கமாட்டான்.

பொலிஸாரைப் பற்றி எழுதும்போது அவர்களை ஒரே உடலாக எண்ணவேண்டாம். 2023 டிசம்பர் 31ஆந் தேதி, கொழும்புக் குற்றத்தடுப்புப் பிரிவைச் சேர்ந்த குழுவொன்று வெலிகமைக்கு வானில் சென்று, பெலேனவிலுள்ள ஹோட்டலொன்றின் எதிரில் துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. அவர்களைக் குற்றவாளிகளென எண்ணிய வெலிகமைப் பொலிஸார் திருப்பிச் சுட்டதில், கொழும்பிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஒருவர் உயிரிழந்தார். அவ்விவகாரத்தின் அலை, அப்போது பதில் பொலிஸ் மா அதிபராயிருந்த தேசபந்து தென்னக்கோனை நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது. 2025 ஓகஸ்ட் 5ஆந் தேதி பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவிநீக்கியது. 2020ஆம் ஆண்டில் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தின் உத்தியோகத்தர் பலரே போதை வியாபாரிகளுடன் கைகோத்த குற்றச்சாட்டில் கைதாயினர். வேடமிட்டவனுடைய உண்மைப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும், அவர்களில் எவர் விலைபோகக்கூடியவர் என்ற அச்சம், கதையின் இழைகளுள் ஒன்றாக முதலிலிருந்தே ஓடட்டும். வேடம் பொலிஸாருக்கு மட்டுமே உரியதுமன்று: 2025 பெப்ரவரி 19ஆந் தேதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள், சட்டத்தரணியைப்போல் உடையணிந்து வந்தவன், உள்ளே குடையப்பட்ட புத்தகத்தில் மறைத்துக் கொண்டுவந்த துப்பாக்கியால், சந்தேகநபராக நிறுத்தப்பட்டிருந்த கணேமுல்ல சஞ்ஜீவவைச் சுட்டுக்கொன்றான்.

லயத்தார் பொலிஸாரை எந்தக் கண்ணால் காண்கிறார்கள் என்பதை அறியாமல் ஒரு வரியும் எழுதவேண்டாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸாரின் குண்டுக்கு இரையானதும், 1977 மே மாதத்தில் நிலப்பறிப்பை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் டெவன் தோட்டத்து இளைஞன் சிவனு லெட்சுமணன் உயிர்நீத்ததும் இங்கே வரலாற்றுப் புத்தகத்தில் மாத்திரம் இருக்கும் செய்திகளல்ல. கூட்டங்களில் இன்றும் ஒலிக்கும் பெயர்கள் அவை. அப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த ஒருவனே காக்கியுடுத்துப் பின் அதனைக் கழற்றி வேடமிட்டு லயத்துக்குத் திரும்புகிறான் என்று வைத்துக்கொண்டால், கதையின் முழு மனப்போராட்டமும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

நடையில், உரையாடலுக்கும் வருணனைக்கும் இடையே வேற்றுமை தெரியட்டும். பிரட்டு, மடுவம், கைக்காசு, அரைப்பேர், படங்கு, பணிய என்ற சொற்களை விளக்கம் தராமல் பாத்திரங்களின் வாயில் வையுங்கள். இரண்டாம் முறை வரும்போது வெளியூர் வாசகனும் புரிந்துகொள்வான். என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதலிய கதைகளையும் தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தையும் படித்து, தோட்டத்துப் பேச்சு எவ்வாறு எழுத்தில் அமரும் என்று கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் மர்மக்கதை எழுதவில்லை என்பது பொருட்டன்று. ஹட்டன் நீதவான் நீதிமன்றத்தின் பகிரங்க மண்டபத்தில் சில நாட்கள் பின்வரிசையில் அமர்ந்து, வழக்கு எவ்வாறு கூப்பிடப்படுகிறது, சந்தேகநபரின் தாய் எங்கே நிற்கிறாள், மொழிபெயர்ப்பாளர் எத்தனை சொற்களை எத்தனையாகச் சுருக்குகிறார் என்று பார்த்து வாருங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். கதையில் வரும் தோட்டத்துக்கும் லயத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் கற்பனைப் பெயரே சூட்டுங்கள். ஆற்றையும் மலையையும் நகரத்தையும் உள்ளபடி விடலாம். உள்ள தோட்டமொன்றின் பெயரைக் குற்றக்கூட்டத்துடன் சேர்த்து அச்சேற்றிவிட்டால், அந்தத் தோட்டத்து இளைஞன் கொழும்பிலே கடையொன்றில் வேலை கேட்டுப் போகும்போதும், இரவு பஸ்ஸிலிருந்து ஹட்டனில் இறங்கி அடையாள அட்டையை நீட்டும்போதும், உங்கள் நாவலுக்கு அவன் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.